காய்ச்சலுக்கு முன்பே குடிபுகுந்த நோய்கள்

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா நோயின் இரண்டாம் அலை கிராமங்களில் பரவியிருந்த வேளையில், எனது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் ஒரே வீட்டைச் சேர்ந்த சகோதரர் இருவர் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்தனர். மூத்தவருக்கு வயது 63. பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். இளையவருக்கு வயது 46. விடியுமுன் வயலுக்குச் சென்று பொழுது சாய்ந்த பின் திரும்பும் உழைப்பாளி; ஒரு நாளும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தறியாதவர். ஊரார் மூத்தவரைக் குறித்தே அஞ்சினர். ஆனால் பத்து நாட்கள் கழித்து மூத்தவர் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டார். இளையவர் ஆஸ்பத்திரியிலேயே காலமானார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு 400க்கு மேல் இருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததென்பது அவருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. பின்னர் அவருடைய மனைவியாரைச் சந்தித்தபோது, ஓராண்டுக் காலமாகக் காற்புண் ஆறாமல் இருந்ததையும், இரவில் மூன்று நான்கு முறை அவர் எழுந்து சென்றதையும் கூறினார். "சேற்றில் நிற்கிற கால், அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டோம், ஐயா" என்றார். ஒரு மரணத்தை ஒரே காரணத்தின்மேல் ஏற்றிவிட முடியாது என்று வைத்தியர்கள் எச்சரிப்பார்கள், அது உண்மையே. எனினும் நோய் இருப்பதை அறிந்து நாள்தோறும் மருந்து உண்டவர் பிழைத்ததும், அறியாதவர் மடிந்ததும் அவ்வூரார் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டன. அடுத்த முகாமில் அவ்வூரில் சர்க்கரை பார்த்துக்கொள்ள நின்ற வரிசையை அதற்கு முன் நான் எங்கும் கண்டதில்லை.

வைரஸ் காய்ச்சல் எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலோர் ஐந்தாறு நாட்களில் தேறிவிடுகின்றனர். ஒரு சிலருக்கு மட்டும் அது உயிருக்கு உலை வைப்பதாக மாறுவது ஏன்? கிருமியின் வலிமை ஒரு பகுதிக் காரணமே. அது நுழையும் உடலில் ஏற்கெனவே என்ன குறை இருக்கிறது என்பது மறு பகுதி. ஏரிக்கரையை அறிந்த விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. வெள்ளம் கரை முழுவதையும் ஒன்றுபோலத்தான் மோதுகிறது. உடைப்பெடுப்பதோ எலி வளை தோண்டிய இடத்தில். கோடையில் கரைமேல் நடந்து பார்த்தவனுக்கே அந்த இடம் தெரியும்.

பாக்டீரியாக் கிருமிகளை அழிக்கப் பல மருந்துகள் உண்டு. வைரஸ்களில் சிலவற்றுக்கே நேரடி மருந்து இருக்கிறது. டெங்குவுக்கோ, அம்மை நோய்களில் தட்டம்மைக்கோ அத்தகைய மருந்து இல்லை. உடல் தானே போராடி வெல்லும் வரையில் நீர், உணவு, பிராணவாயு ஆகியவற்றால் அதனைத் தாங்கிப் பிடிப்பதே வைத்தியம். ஆகவே போராடும் உடலின் நிலை எதுவோ, அதுவே நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

சர்க்கரை நோய்

முதலிடம் பெறுவது சர்க்கரை நோய் எனப்படும் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உள்ளதென்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. இது பட்டணத்துச் செல்வர்களின் நோய், உழைப்பவனை அண்டாது என்பது நம்மவரிடையே நிலவும் பெரும் பிழை. உழவு, நடவு, அறுவடை ஆகிய மூன்றிலும் இயந்திரம் வந்துவிட்டது. சோறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. இதை நான் குறையாகக் கூறவில்லை. என் தட்டிலும் அவ்வாறே.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்கும்போது, கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமடைகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதுற்றிருக்கும். இந்நிலையில் காய்ச்சல் வந்தால், அக்காய்ச்சலே சர்க்கரையை மேலும் உயர்த்துகிறது. நோயை எதிர்க்க உடல் சுரக்கும் சில சுரப்புகள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதே இதற்குக் காரணம். உயர்ந்த சர்க்கரை மீண்டும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழலில் நோயாளி அகப்பட்டுக்கொள்கிறார். "காய்ச்சலில் வாய்க்கு ஒன்றும் இறங்கவில்லை, ஆகையால் சர்க்கரை மாத்திரையையும் ஊசியையும் நிறுத்திவிட்டேன்" என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். உணவு குறைந்தாலும் சர்க்கரை ஏறக்கூடும் என்பதை அவர்கள் அறியவில்லை. எந்த மருந்தை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதை விடாமல் தொடர்வது என்பது அன்றைய பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் கூற வேண்டியதாகும். இன்சுலின் ஊசியை நோயாளி தாமாக நிறுத்துவது பேராபத்து.

இங்கு வேறொரு செய்தியையும் கூறியாக வேண்டும். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த டெக்ஸாமெதசோன் என்னும் மருந்து, கொரோனா நோயால் பிராணவாயு கொடுக்கப்பட வேண்டிய நிலையை அடைந்தவர்களின் மரணத்தைக் குறைக்கிறதென்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரும் ஆய்வு காட்டிற்று. பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் நன்மையில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. முதற் பகுதி மட்டும் ஊரெங்கும் பரவியது. சாதாரணக் காய்ச்சலுக்கும் இம்மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கியோர் பலர். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை மிக உயர்த்தும் இயல்புடையது. 2021 கோடையில் கருப்புப் பூஞ்சை நோயினால் கண்ணையும் தாடையெலும்பையும் இழந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். அவர்களுள் பலர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள். இன்றும் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால், "நல்ல ஊசியாக ஒன்று போடுங்கள்" என்று கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் ஒழியவில்லை. அந்த ஊசியிலும், சீட்டில்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரப்படும் மாத்திரைகளிலும் இம்மருந்து இருக்கக்கூடும். வாங்குமுன் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் அது சர்க்கரை நோயைக் குறிக்கும். மறுமுறை பரிசோதித்து உறுதி செய்வார்கள். இப்பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். மேற்கூறிய அதே ஆய்வு, நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருந்ததாகக் கண்டது. கடுங்காய்ச்சலில் இதயம் விரைந்து துடித்து இரு மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. முன்பே தளர்ந்த இதயம் அந்தச் சுமையைத் தாங்குவதில்லை. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவு, மருந்துகளை உடலிலிருந்து வெளியேற்றும் திறனும் குறைவு. வெயிலில் தண்ணீரின்றி உழைத்து, மாலையில் உடல்வலிக்கு மாத்திரை விழுங்கிப் படுக்கும் வழக்கமுடைய விவசாயத் தொழிலாளர் இதனைக் கவனிக்க வேண்டும்.

நுரையீரல் நோயைக் குறித்து ஆண்களிடம் பேசினால் பீடியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பீடி பிடிக்காத பெண்மணிகளும் இளைக்கிறார்கள். விறகும் வறட்டியும் எரியும் சமையற்கட்டில் 30 ஆண்டுகள் ஊதுகுழலோடு இருந்தவரின் நுரையீரலும் புகைபிடித்த நுரையீரலே. இத்தகையோருக்குச் சளிக்காய்ச்சல் கண்டால் மூச்சுத்திணறல் விரைவில் வந்துவிடும். தமிழ்நாட்டில் கொரோனாவால் நேர்ந்த முதல் மரணம் 2020 மார்ச்சில் மதுரையில் நிகழ்ந்தது. இறந்தவருக்குக் கட்டுக்கடங்காத சர்க்கரையும், இரத்த அழுத்தமும், நெடுநாள் நுரையீரல் நோயும் ஒருங்கே இருந்ததாக அன்றே அரசு அறிவித்தது.

கர்ப்பிணிகளும் மஞ்சட்காமாலையும்

கர்ப்பம் ஒரு நோயன்று. ஆயினும் வைரஸ் நோய்களைப் பொறுத்தவரையில் அது ஆபத்தை உயர்த்தும் நிலைகளுள் ஒன்று. குழந்தையைப் புறப்பொருளென்று தள்ளிவிடாதிருக்கும் பொருட்டுத் தாயின் எதிர்ப்புச் சக்தி தன் போக்கைச் சற்று மாற்றிக்கொள்கிறது. வளரும் கருப்பை நுரையீரலுக்கு உரிய இடத்தையும் நெருக்குகிறது. 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலிலும், 2009இல் தோன்றிய பன்றிக்காய்ச்சலிலும் கர்ப்பிணிகள் மற்றப் பெண்களைவிட மிகுதியாகத் துன்புற்றனர். ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோர் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டுமென்று விரும்புகிறேன்; ஏனெனில் இவற்றுள் ஒன்று குடிநீர்க் குழாய் வழியே வருகிறது.

1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி மாநகரில் யமுனை நதியின் நீரேற்றும் இடத்தில் சாக்கடைக் கழிவு கலந்துவிட்டது. அதிகாரிகள் வாளாவிருக்கவில்லை; குளோரின் அளவை உயர்த்தினர். அதனால் டைபாய்டு முதலிய பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில், 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. மற்றவர்களுள் பெரும்பாலோர் தேறினர். கர்ப்பிணிகளுக்கோ நோய் கடுமையாயிற்று. ஏன் அவ்வாறென்பது அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோதுதான், அது அறிந்த மஞ்சட்காமாலை வைரஸ்களான ஏ, பி ஆகிய இரண்டுமன்று எனத் தெரிந்தது. 1983இல் பாலயன் என்னும் ருஷ்ய விஞ்ஞானி, தம் உடலையே சோதனைக் களமாக்கி, இவ்வகை நோயின் வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். இன்று அது ஹெபடைடிஸ் ஈ என வழங்குகிறது.

சாதாரணமானவர்களுள் இந்நோயால் இறப்போர் மிகச் சிலர். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கண்டாலோ, நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஒரே குழாயடியில் நீர் பிடித்த நான்கு பெண்களுள் மூவர் பத்தியமிருந்து தேற, நிறைமாதத்தில் இருந்த ஒருத்தி மட்டும் உயிரிழப்பதென்றால், அதனை விதியென்று சொல்லிவிட்டுப் போக இயலுமா?

டில்லி தரும் பாடம் ஒன்று உண்டு. குளோரின் போட்டுவிட்டோம் என்று நிம்மதியடைவது போதாது. கழிவு உள்ளே வராமலிருப்பதே முதற்காவல். நம் ஊர்களில் கழிவு எவ்வழியாக வருகிறது? சாக்கடைக்குள்ளாகவே வீட்டு இணைப்புக் குழாயைக் கொண்டுசெல்கிறோம். நீர் விடும்போது குழாயில் அழுத்தம் இருக்கும். கசிவின் வழியே நீர் வெளியே போகும். நீரை நிறுத்திய பின் குழாய் வெறுமையாகி, அதே கசிவின் வழியே சாக்கடையை உள்ளே இழுக்கும். மின்மோட்டாரை நேரே குழாயில் பொருத்தி உறிஞ்சுவோர் இருக்கும் தெருவில் இது இன்னும் மோசம். கசிவை அடைத்து, இணைப்பைச் சாக்கடை மட்டத்திற்கு மேலே தூக்கி, அதன்பின் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்து அரை மணி நேரம் நிற்கவிட்டு நீரைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதில் பயனில்லை. ஊரில் ஒருவருக்கேனும் காமாலை கண்டால், கர்ப்பிணி உள்ள வீடுகளுக்கு உடனே சொல்லியனுப்பி நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் செய்வது ஊராட்சியின் கடமை. காமாலைக்குக் கை வைத்தியம் பார்த்துக்கொள்ளும் வழக்கம் எப்படியிருப்பினும், கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கே அழைத்துச் செல்ல வேண்டும். சாராயத்தால் ஈரல் கெட்டவர்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

டெங்கு

டெங்குவில் நான்கு வகை வைரஸ்கள் உள்ளன. ஒரு வகை வந்து தேறியவருக்கு அவ்வகை பொதுவாக மீண்டும் வருவதில்லை. பிறிதொரு வகை வந்தாலோ, முதல் நோயில் உண்டான எதிர்ப்புப் பொருள்களே புதிய வைரஸுக்குத் துணைபோவதுண்டு. ஆகையால், "எனக்குத்தான் முன்பே வந்துவிட்டதே" என்று அலட்சியமாக இருப்பவரே மிகுதியும் அஞ்ச வேண்டியவர். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பருத்த உடலினர், கைக்குழந்தைகள் ஆகியோருக்கும் இந்நோய் கடுமையாகக்கூடும்.

இந்நோயின் தந்திரம் யாதெனில், காய்ச்சல் விடும் நாளே கண்டம் தொடங்கும் நாள். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் உடற்சூடு தணியும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். காய்ச்சல் விட்டதென்று வீட்டார் மகிழ்ந்து தலைக்கு நீர் வார்க்கும் வேளையில், வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடல், சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர, ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கூடாது. அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். இதய நோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உண்பவர்கள் காய்ச்சல் கண்ட முதல் நாளே அதனை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. தட்டம்மையை "அம்மன் விளையாட்டு" என்று எளிதாக எண்ணும் காலம் போய்விட்டது. ஊட்டம் குறைந்த குழந்தைக்கு, குறிப்பாக வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு, அது கண்ணையும் உயிரையும் பறிக்கும். 9 மாதம் முடிந்தவுடன் ஒன்றும், 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்றுமாக இரண்டு தடுப்பூசிகளும் போடப்பட்டனவா என்று அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கும் குடும்பங்களின் குழந்தைகள் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

ஊராட்சி செய்யக்கூடியது

2021 மார்ச் 1ஆம் நாள் பொதுமக்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, 60 வயது கடந்தோரோடு, 45 முதல் 59 வயதுக்குள் இணை நோய் உள்ளோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. என் வட்டாரத்தில் அவ்வாறு முன்வந்தோர் மிகக் குறைவு. நோயாளிகள் இல்லாமையாலன்று, நோய் இருப்பதை அறிந்தவர்கள் இல்லாமையால். நெருக்கடி வந்தபின் பட்டியல் தயாரிக்க இயலாது என்பதை அன்று கற்றேன்.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இக்குறையைப் போக்குவதற்கு உதவியாக வந்தது. மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் அழுத்தமும் பார்ப்பதும், நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே தருவதும் இதன் ஏற்பாடு. தன்னார்வலர் வரும் நேரத்தில் வயலுக்குச் சென்றுவிடும் ஆண்கள்தாம் விடுபட்டுப் போகிறார்கள். மேலே கூறிய 46 வயதுக்காரரும் அத்தகையவரே. உரம் வழங்கும் நாளிலும், பால் சங்கத்தில் கறவை நேரத்திலும் பரிசோதனை வைத்தால் அவர்களைப் பிடிக்கலாம். என் வட்டாரத்தில் இரண்டு ஊராட்சிகள் பால் சங்க வாசலில் வைத்து வெற்றி கண்டன.

பட்டியலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆர்வமிக்க தலைவர் ஒருவர், சர்க்கரை நோயாளிகளின் பெயர்களை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் எல்லோரும் கவனமாக இருப்பார்கள் என்று என்னிடம் யோசனை கூறினார். நல்லெண்ணம்தான். ஆனால் பெயர் வெளிப்படும் என்று தெரிந்தால், மணமாகாத பெண் உள்ள வீட்டிலிருந்து ஒருவரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். 2020இல் நோயாளி வீட்டு வாசலைத் தகரத்தால் அடைத்தபோது காய்ச்சலையே மறைத்தார்கள் அல்லவா? பெயர்ப் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் இருத்தல் வேண்டும். கிராம சபையில் எண்ணிக்கையை மட்டும் படித்தால் போதும்: இத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர், இத்தனை பேர் மருந்து பெறுகின்றனர், இத்தனை பேர் இடையில் நிறுத்திவிட்டனர் என்று.

இடையில் நிறுத்தியோரின் எண்ணிக்கையே முக்கியமானது. மருந்து தீர்ந்து, சுகாதார நிலையத்திற்குப் பேருந்து இல்லாமையால் நிறுத்தியோரும் உண்டு. "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நிறுத்தியோரும் உண்டு. முன்னதை ஊராட்சி தீர்க்கலாம். பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

நெடுநாள் நோயுடையோர் காய்ச்சல் கண்டால் மூன்று நாள் பொறுத்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும், கடைசிப் பரிசோதனைச் சீட்டையும் ஒரு துணிப்பையில் இட்டு மாடத்தில் வைத்திருத்தல் நன்று. நள்ளிரவில் 108 வண்டி வரும்போது தேட நேரமிராது.

பிராணவாயு அளவு பார்க்கும் கருவி 2021இல் பல ஊராட்சிகளில் வாங்கப்பட்டது. நான் சென்ற அலுவலகங்களுள் பலவற்றில் அது பீரோவில் பாட்டரி தீர்ந்து கிடக்கிறது. பாட்டரி மாற்றி, எடுக்கத்தக்க இடத்தில் வையுங்கள். நோயாளி சற்று ஓய்ந்து அமர்ந்தபின் விரலில் பொருத்திப் பார்க்க வேண்டும். 94க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்; அளவு சரியாக இருந்தும் மூச்சுத்திணறல் இருக்குமானாலும் அனுப்பவே வேண்டும். குளிர்ந்த விரலிலும் மருதாணியிட்ட விரலிலும் அளவு பிழைபடக்கூடும்; கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மறுமுறை பார்க்கவும்.